முதல் சாட்சி

“வீட்டுக்கு நீலம் அடிக்கிறதா, மஞ்சள் அடிக்கிறதா எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன், கிளாக்கர்,” என்றார் ஏரம்பமூர்த்தி.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா முகம்மது யூசுப் அவர் நீட்டிய உறையை வாங்கினார். உயிலைக் கோர்ட்டில் காட்டி, செல்லும் என்று உத்தரவு வாங்க வேண்டும். அதற்குப் புரொபேட் என்று பெயர். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஏரம்பமூர்த்திக்கோ, சுண்ணாம்புக்காரன் ஏணியோடு வாசலில் நிற்பது போன்ற அவசரம்.

இறந்தவர் அவருடைய அண்ணன் விஸ்வலிங்கம். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சேலையில் அண்ணி கமலாம்பிகை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

யூசுப் உயிலை விரித்தார். அச்சடித்தது போன்ற இங்கிலீஷ் எழுத்து. பார்த்ததும் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

“அழகான எழுத்து. அவரே எழுதினதா?”

“அண்ணன்தான். கவர்மெண்டிலை இருபது வருஷம் எழுத்து வேலையெல்லே. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு வாசியுங்கோ.”

“சிராங்கூன் ரோட்டு வீடு தம்பி ஏரம்பமூர்த்திக்கு. மத்த எல்லாம் மனைவி கமலாம்பிகைக்கு.”

“மத்த எல்லாம்,” என்றாள் கமலாம்பிகை. “ஒரு குடை, ரெண்டு கோட்டு, தண்ணிச் செம்பு.”

“அண்ணி கவலைப்படாதேங்கோ. பின் அறையை உங்களுக்கு விட்டுத்தாறன். ஊருக்குப் போக விருப்பமெண்டா கப்பல் டிக்கெட்டும் நானே எடுத்துத்தாறன்.” ஏரம்பமூர்த்தி யூசுப் பக்கம் திரும்பினார். “வீட்டை எனக்கு எழுதச் சொல்லி ஆறு மாசமாக் கேட்டனான், கிளாக்கர். அண்ணன் ஆருக்கும் முகத்துக்கு நேரை இல்லையெண்டு சொன்ன மனிசனில்லை.”

அது உண்மைதான். அந்த நல்ல குணத்தோடு பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவள் கமலாம்பிகை. அந்த வீட்டை விட்டால் இந்த ஊரில் அவளுக்குத் தலை சாய்க்க வேறு இடமில்லை.

“வீடு போனாப் போகட்டும்,” என்றாள். “எனக்கு மனம் பொறுக்காதது வேறை. சாட்சிக் கையெழுத்துக்கு அவர் என்னைக் கூப்பிடேல்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சனான். இங்கிலீசிலை பேர் எழுதுவன். ஆசையாப் பேனையை எடுத்தன். பறிச்சு வைச்சிட்டு, ‘போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வா’ எண்டார். வாழ்நாளிலை கோப்பி குடியாத மனிசன். கொட்டையை வறுத்து, இடிச்சுக் கொண்டுவாறதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா கைநாட்டு வைச்சிட்டு விரலைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறாள். அவளுக்கிருக்கிற மதிப்புக் கட்டின பெண்சாதிக்கு இல்லை.”

“அந்தக் கோப்பியை நான்தான் குடிச்சனான். நல்ல கோப்பி,” என்றார் ஏரம்பமூர்த்தி. “முதல் சாட்சியும் நான்தான். ‘உன்ரை கையெழுத்துத்தான் இதுக்கு அழகு, நீ முதல்லை போடு’ எண்டு அண்ணனே பேனையைத் தந்தவர்.” கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

யூசுப் கடைசித் தாளைப் பார்த்தார்.

“இது உங்க கையெழுத்துதானே? கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லுவீங்களா?”

“எங்கை வேணுமெண்டாலும் சொல்லுவன்.”

“ரொம்ப நல்லது. ரெண்டு சாட்சியும் சரியா இருக்கு. உயில் செல்லும். ஆனா வீடு உங்களுக்கு வராது, ஐயா.”

“என்ன சொல்லுறியள்?”

“உயில்ல சொத்து வாங்குறவர் அதே உயிலுக்குச் சாட்சியும் போட்டா, அவருக்கு எழுதினது மட்டும் செல்லாது. சட்டம் அப்படி. அந்த வீடு ‘மத்த எல்லாம்’ங்கிறதோட சேர்ந்து அம்மாவுக்குப் போயிடும்.”

ஏரம்பமூர்த்தியின் முகத்தில் ஈயாடவில்லை. நீலமும் மஞ்சளும் போய் வெறும் சுண்ணாம்பு நிறம்தான் அங்கே மிச்சம்.

“அண்ணன் தெரியாமல் விட்ட பிழை இது,” என்றார் ஒருவழியாக. “எழுத்து வேலை பாத்த மனிசனுக்குச் சட்டம் என்னெண்டு தெரியும்? நீங்கள்தான் திருத்தித் தரவேணும், கிளாக்கர்.”

“அவர் எந்த மேசையில எழுத்து வேலை பார்த்தாருன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?” என்றார் யூசுப். “கோர்ட்டுல உயில் மேசை. வர்ற உயில்ல இந்த மாதிரிச் சாட்சிப் பிழை இருந்தா, சிவப்பு மையில கோடு போட்டுக் காட்டுறதுதான் அவர் வேலை. எனக்கே இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் விஸ்வலிங்கம் ஐயாதான்.”

கணவர் போன பிறகு கமலாம்பிகை முதல் தடவையாகச் சிரித்தாள்.

“யோசிக்காதேங்கோ, தம்பி. பின் அறையை உங்களுக்கே விட்டுத்தாறன். என்ன நிறமெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

ஏரம்பமூர்த்தி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளும் எழுந்தாள். வாசல் வரை போனவள் ஏனோ நின்று திரும்பினாள்.

“எண்டாலும் எனக்குக் கோவம் தீரேல்லை, கிளாக்கர். அண்டைக்கு என்னையும் ஒரு கையெழுத்துப் போட விட்டிருக்கலாம்.”

யூசுப் உயிலைப் பதமாக மடித்து உறைக்குள் வைத்தார்.

“போட்டிருந்தா உங்களுக்கும் ஒண்ணும் கிடைச்சிருக்காதும்மா. அதுக்குத்தான் அவர் கோப்பி கேட்டது.”