நுரை பார்த்த ரேஸர்

ஜெயசீலன் பழைய பட்டாளத்து ரேஸர்களைத் தேடிப்பிடித்து, பளபளப்பாக்கி, கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைப்பவர். அன்று பழைய இரும்புக் கடையிலிருந்து பச்சைக் களிம்பேறிய ஒரு ரேஸர் வந்தது. அவர் அதை வெந்நீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தார். ரேஸருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நல்லாத் தேய்ங்க! சவரம் எப்போ?" என்று கத்தியது.

அலமாரியிலிருந்த வெள்ளி ரேஸர் சிரித்தது. "தம்பி, இங்கே யாருக்கும் சவர வேலை கிடையாது. அவரே பிளாஸ்டிக் ரேஸரில்தான் மழிச்சுக்கிறார். நாமெல்லாம் சும்மா பார்வைக்கு."

"பார்வைக்கா? குண்டு விழுந்த இடத்திலேயே வேலை பார்த்தவன் நான்!"

மறுநாள் காலை ஜெயசீலன் பாதி முகம்தான் மழித்திருந்தார். பிளாஸ்டிக் ரேஸரின் கழுத்து படக்கென்று ஒடிந்தது. அதே நேரம் வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, பொண்ணு பார்க்க வந்துட்டாங்க!"

நுரை முகத்தோடு அவர் திருதிருவென்று விழித்தார். ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த பட்டாளத்து ரேஸர், "நான் இருக்கேன்! நான் இருக்கேன்!" என்று துடித்தது.

அவர் பார்வை அதன்மேல் விழுந்தது. அவசரமாகப் புது பிளேடைப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் வைத்தார். ரேஸர் சர்ரென்று இறங்கியது. ஒரு கீறல்கூட இல்லை.

"அடடா!" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

சாயங்காலம் அதை அலமாரியில் வைத்தார். மற்ற ரேஸர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. வெள்ளி ரேஸர் மட்டும் மெல்ல அருகில் நகர்ந்து வந்தது.

"தம்பி, நுரை எப்படி இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு. கொஞ்சம் சொல்லேன்."