தீவிலிருந்து வந்த பதில்

"யார் யார் இருக்கோம்? நான், கேபிள்காரர், நம்ம தாடி, தீவுக்காரர் சம்சாரம். இந்த நாலு பேர் வாயை விட்டு இது வெளிய போகக் கூடாது," என்றார் மேலாளர்.

தீவுக்காரர் சம்சாரம் என்பது அவள்தான். இணையத்தை அளக்கும் அந்த அலுவலகத்தில் அவள் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. உலகம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, இங்கிருந்து ஒரு கேள்வியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது அவர்கள் தொழில். பெட்டிகளைத் தயார் செய்வது அவள் வேலை. நடுக்கடல் தீவில் மட்டும் மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால், பெட்டியோடு ஓர் ஆளையும் அனுப்ப வேண்டியிருந்தது. போன வருஷம் அவள் கணவனை அனுப்பினார்கள்.

"பழைய கணக்குல என்ன தப்புன்னா," என்று தொடங்கினான் தாடி. புது முறையைக் கண்டுபிடித்தவன் அவன். "பஸ் ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம்னு கேட்டா, ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு நின்ன நேரத்தையும் சேர்த்தே சொல்லிட்டிருந்தோம். இப்ப அதையெல்லாம் உருவிட்டேன். ஓடின நேரம் மட்டும்தான் மிச்சம். பாருங்க."

திரையில் சிவப்பாக ஒரு கோடு. ஒளியே ஓடினாலும் அந்தந்தத் தூரத்துக்கு இவ்வளவு நேரமாவது ஆகும் என்று சொல்லும் கோடு. நேற்று வரை ஈ மொய்த்ததுபோல் சிதறிக் கிடந்த புள்ளிகள், இன்று நூல் பிடித்தாற்போல அதற்குச் சற்று மேலே வரிசையாக நின்றன. பனிமலைப் பெட்டி, பாலைவனப் பெட்டி, துறைமுகப் பெட்டி. அங்கே காவலுக்கு யாரும் இல்லை. ஆனாலும் ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை.

கேபிள்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஆயுசு முழுக்கக் கடலடியில் கம்பி இறக்கியவர்.

"நான் போட்ட கம்பிக்குள்ள இப்படி ஒரு ஒழுங்கு ஓடுதுன்னு எனக்கே தெரியாதுப்பா."

"கோட்டுக்குக் கீழ பாருங்க," என்றான் தாடி.

கீழே ஒரே ஒரு புள்ளி, தனியாக. தீவு.

"வெளிச்சம் போய்ட்டு வர்றதுக்கு முன்னாடியே இது பதில் சொல்லிடுது."

மேலாளர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"பெட்டி கெட்டிருக்கும்," என்றாள் அவள். "உப்புக் காத்து. உள்ள துரு ஏறியிருக்கும். அந்த ஒரு புள்ளியை எடுத்துடலாம் சார்."

"எடுக்கிறதா? அந்தப் பக்கத்துக் கடல் மொத்தத்தையும் அதை வெச்சுத்தாம்மா அளந்திருக்கோம். அது கெட்டிருந்தா ஒரு வருஷ வேலை குப்பை. அதைப் பாத்துக்கத்தான் உங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம். அவருக்கு வேலை இருக்காது. கெடலைன்னா..." பச்சைக் குழந்தை தூங்கும் அறையில் பேசுகிறவர்போல மேலாளர் குரல் தாழ்ந்தது. "கெடலைன்னா என்ன அர்த்தம்னு வாய்விட்டுச் சொல்லவே பயமா இருக்கு."

கணவன் வேலை போனால் கூடவே தன் வேலையும் போகும். பெட்டியைத் தயார் செய்தவள் அவள்தானே.

மேலாளர் தீவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"என்னப்பா, எப்படி இருக்கே?"

"இருக்கேன் சார். ஆள் பேச்சே இல்லை. சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"பெட்டி?"

"எதிர்லதான் சார் இருக்கு. பச்சை விளக்கு எரியுது. காலையிலகூடத் துடைச்சேன்."

"திறந்தியா? எதையாவது நோண்டினியா?"

"சத்தியமா இல்லை சார்."

"குரலைக் கேட்டீங்களா," என்று தாடி கிசுகிசுத்தான். "பக்கத்து ரூம்ல உக்காந்து பேசுற மாதிரி."

மேலாளர் போனை வைத்தார்.

"நாளைக் காலைக் கப்பல்ல நானே தீவுக்குப் போறேன். இதை என் கண்ணால பாக்கணும்."

"கடல் கொந்தளிப்பா இருக்காம் சார்."

"முழுகினாலும் பரவாயில்லைம்மா. இப்படி ஒண்ணைப் பாக்கத்தானே இந்த வேலைக்கு வந்தேன்."

தலைவலி என்று சொல்லி அவள் அரை நாள் விடுப்பு கேட்டாள். யார் காதிலும் விழவில்லை. மூன்று பேரும் அந்தப் புள்ளியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வீட்டுப் படியேறியபோது வெயில் உச்சியில் இருந்தது. சாவி போட்டுத் திறந்தாள்.

சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. அதன் எதிரே பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான் அவள் கணவன்.

"சாப்பாடு இறங்கலைன்னு சொன்னது நல்லா எடுபட்டுதா?"

அவள் நேரே பெட்டியிடம் போனாள். கிளம்பிய அன்றே துறைமுகத்தில் கால் உதறித் திரும்பி வந்து, அதற்குப் பிறகு வாசலே தாண்டாத மனிதன். ஒவ்வொரு பதிலையும் தீவின் தூரத்துக்குத் தகுந்தபடி பிடித்து வைத்திருந்து அனுப்பும்படி பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அப்படி நின்ற நேரத்தைத்தான் தாடி இன்று உருவிவிட்டான்.

பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அலுவலகத்தில் அந்தப் புள்ளி அணைந்திருக்கும். தீவில் கரண்ட் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பெட்டியைச் சூட்கேஸில் திணித்து, சட்டையை அவன் தோளில் போட்டு, டிக்கெட்டைக் கையில் வைத்தாள்.

"சார் நாளைக்குத்தான் கிளம்புறார். உங்களுக்கு இன்னைக்குச் சாயங்காலம் கப்பல்."

"எனக்குக் கடல்னா..."

"வெளிச்சத்தையே முந்தின ஆளு நீங்க. அந்த மனுஷனை முந்த மாட்டீங்களா?"

சூட்கேஸோடு அவனை வாசலுக்கு வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.