அம்மிக்கான பயிற்சி

ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறையில் ஒரு மரப்பலகை அம்மியானது. ஒரு மணல் மூட்டை மணப்பெண்ணின் காலானது.

"பொண்ணு கால் இவ்வளவு கனமா, மேடம்?" என்றான் மாசிலாமணி. பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவன், இப்போதுதான் தடியை விட்டிருந்தான்.

"இதைவிடக் கனமாவே இருக்கும்," என்றாள் பிசியோதெரபிஸ்ட் சாந்தகுமாரி.

பெண்ணின் அப்பா பரமசிவம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குனிந்து பெண்ணின் காலை அம்மிமேல் வைத்து, எதையும் பிடிக்காமல் மாப்பிள்ளை எழுந்தால்தான் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். அதைப் பார்க்கவே சரோஜினி நகரிலிருந்து வந்திருந்தார்.

மாசிலாமணி மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தான். "மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவேனே, அதையே இன்னும் ஒரு வாரம்..."

"அது ஆரம்பத்துக்குச் சரி. எழுந்திருக்கணும்னா எழுந்திருந்துதான் பழகணும். அதுக்குத்தானே நாற்காலி, முக்காலின்னு உயரத்தைக் குறைச்சுட்டே வந்தோம்? பின்பக்கத் தசையை இறுக்குங்க. ம், ஜல்தி!"

"விழுந்துட்டா?"

"பொண்ணு சிரிப்பா."

அவன் குந்தினான். மூட்டையைத் தூக்கிப் பலகையில் வைத்தான். கைகள் தரையை நோக்கிப் போயின. பல்லைக் கடித்து அவற்றை இழுத்துக்கொண்டான். தொடை வெடவெடக்க, மெல்ல மெல்ல எழுந்து, நிமிர்ந்தே விட்டான்!

பரமசிவம் வாய் திறப்பதற்குள் சாந்தகுமாரி துள்ளிக் குதித்து அவரிடம் ஓடினாள்.

"பாத்தீங்களாப்பா? நான் சொன்னேன்ல! இப்பவாவது எங்களுக்கு முகூர்த்தத் தேதி பாருங்க!"