வாசல் விளக்கு

நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஷாஹீனுக்கு நிம்மதி இல்லை. யாரும் தொடாமலே சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் விளக்கு எரியும். விடிந்ததும் தானாக அணையும்.

"வேற பிளாக் கேளுங்கன்னா கேக்குறீங்களா?" என்று கணவன் அசீமிடம் தினமும் புலம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிய அசீம் அங்கிருந்தே சிரித்தான்.

"உன் பேய் இங்க இருக்கு, பாரு. எங்க இருந்தாலும் போன்லயே லைட்டு போடுற பெட்டி. கண்டவன் நுழையக்கூடாதுன்னு விபிஎன்னுன்னு ஒரு பூட்டு வேற வச்சிருக்காங்க. ஒரே ஒரு போனுக்குத்தான் அனுமதி. நம்பர்கூட ஒட்டியிருக்கு."

ஷாஹீன் கோபத்தோடு அந்த எண்ணுக்குப் போன் அடித்தாள். எடுத்தவர், முன்பு இங்கே குடியிருந்த நல்லசாமி. ரிட்டயர் ஆகிக் காடாம்புலியூருக்குப் போய்விட்டவர்.

"மன்னிச்சுக்கம்மா, வூடு பூட்டிக் கெடக்குன்னு நெனச்சுக்கினு இருந்தேன். என் சம்சாரத்துக்கு இருட்டுன்னா பயம். செகண்ட் ஷிப்ட் அன்னிக்கெல்லாம் மைன்ஸ்லேருந்தே அவளுக்கு லைட்டு போடுவேன். அந்த வூட்லதான் அவ உயிரும் போச்சு. எனக்குத்தான் பழக்கம் வுடல."

ஷாஹீனின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பரவாயில்லைங்க ஐயா. ஆனா இந்த வயசுல, விடியக்காலம் எழுந்து ஒரு நாள்கூட மறக்காம அணைக்கிறீங்களே!"



"நான் போடுறதோட சரிம்மா" என்றார் நல்லசாமி. "அணைக்கிறது எப்பவும் அவதான்."