கல்யாண ஜாக்கெட்

“எது எப்படியோ, முப்பது வருஷம் கழிச்சு என் கல்யாண ஜாக்கெட் எனக்குச் சேருதுங்க!” என்று கண்ணாடி முன் நின்று மனைவி சொன்னாள்.

தையல்காரரான கணவர் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அதைத் தைத்தவரே அவர்தான். அன்று அவளுக்கு அளவெடுக்கும்போது பதற்றத்தில் டேப்பை இரண்டு முறை கீழே போட்டிருந்தார்.

“சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டேன்னு பக்கத்து வீட்டு அக்கா கண்ணு வைக்கிறாங்க. கைதான் தொளதொளன்னு இருக்கு. கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடுங்க.”

“முடியாது.”

“பொண்டாட்டின்னா அவ்வளவு இளக்காரமா?”

அவர் இரண்டு முட்டையை உரித்து அவள் முன் வைத்தார். “சாப்பிடு. அப்புறம் நாற்காலியில பத்துத் தடவை உட்கார்ந்து எந்திரி, தண்ணிச் செம்பைப் பத்துத் தடவை தூக்கி இறக்கு.”

நான்கு வாரம் தினமும் இதே பாடு. ஐந்தாவது வாரம் அவளை அதே ஜாக்கெட்டைப் போடச் சொல்லி, அவள் மேல்கையில் டேப்பைச் சுற்றினார்.

“அரை இஞ்ச் கூடியிருக்கு!”

“என் மனசு நோகக் கூடாதுன்னு இத்தனை வருஷமா அளவைக் குறைச்சுச் சொன்ன ஆளாச்சே நீங்க! இப்ப கூட்டிச் சொல்றீங்களா?”

“கையை மடக்கிப் பாரு.”

மடக்கினாள். ஜாக்கெட் இறுக்கிப் பிடித்தது.

அவர் போனை எடுத்தார்.

“டாக்டர், சதையெல்லாம் கரைஞ்சிருக்கு, உடம்பைத் தேத்திக்கிட்டு வந்தாத்தான் கேன்சர் கட்டியை எடுக்க முடியும்னு சொன்னீங்களே...” அவர் குரல் உடைந்தது. “ஜாக்கெட் பத்தலை டாக்டர். எப்போ கூட்டிட்டு வரட்டும்?”