ஃபில்டருக்கு ஒரு நற்சான்று

“தம்பி, வேலையை அப்புறம் பாருங்க. முதல்ல எனக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுங்க” என்றார் வீட்டுக்காரம்மா.

போர் தண்ணீரிலுள்ள இரும்புத் துருவை வடிகட்டும் ஃபில்டருக்கு மணல் மாற்ற வந்த மெக்கானிக், தோளில் பையோடு நின்றார்.

“என்ன சான்றிதழ்மா?”

“எங்க ஃபில்டர்ல சிவப்புத் தண்ணி வர்றதே இல்லைன்னு. கம்பெனி ஆள் கையெழுத்துப் போட்டாத்தான் தெருச் சங்கத்துல எடுபடும். செயலாளர் பத்து மணிக்கு வந்துடுவார்.”

வாசலைக் காட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து துருச் சிவப்பாகத் தண்ணீர் வந்து, இவர்கள் கேட்டை உரசிக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. அது போகிற வழியில் சிமெண்டே செங்கல் நிறமாகியிருந்தது.

“ஞாயித்துக்கிழமை ஆனா இதே கூத்து. ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். ஃபில்டரைக் கழுவுறேன்னு தெருவை நாசம் பண்றார். தெருவே அவருக்குச் செங்கடல்னு பேர் வெச்சிருக்கு.”

“வெச்சது இவதான்” என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

“நீங்க சும்மா இருங்க. அந்தக் கழிவுக் குழாயை அடைக்கணும்னு இன்னிக்குக் கூட்டத்துல மனு கொடுக்கப் போறோம். பதினாலு கையெழுத்து ஆயாச்சு.”

“அடைச்சுட்டா அவரால ஃபில்டரைக் கழுவ முடியாதேம்மா. ரெண்டு வாரத்துல அடைச்சுக்கும். கழட்டித்தான் போடணும்.”

“போடட்டுமே! நானும்தான் ஃபில்டர் வெச்சிருக்கேன். அவர் மாட்டின மூணாம் நாளே, அதைவிட ஒரு முழம் உயரமா வாங்கி மாட்டினேன். வந்தவங்க போனவங்க எல்லாரும் பார்த்துட்டுப் போனாங்க. ரெண்டு வருஷமா வாராவாரம் கழுவுறேன். ஒரு சொட்டு சிவப்பு வந்ததில்ல. எல்லாம் வெச்சுக்கற விதத்துல இருக்கு.”

“ஒரு சொட்டுகூடவா?”

மெக்கானிக்கின் பை கீழே இறங்கியது.

பக்கத்து வீட்டுத் தண்ணீர் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு ஃபில்டரின் கைப்பிடியைக் கழுவும் பக்கம் திருப்பி, மோட்டாரைப் போடச் சொன்னார். கழிவுக் குழாயில் தண்ணீர் பளிங்காக வந்தது.

மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு பிடி மணல் அள்ளினார். முகர்ந்து பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கேம்மா!”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“துருவைப் பிடிச்சிருந்தா, கழுவும்போது துரு வெளியே வரணும். வரலைன்னா, இது எதையும் பிடிக்கலைன்னு அர்த்தம்.”

“பிடிக்காமலா குழாய்ல தண்ணி கண்ணாடி மாதிரி வருது?”

“அதுதான் எனக்கும் புரியல. கொஞ்சம் டீ கிடைக்குமா? பால் வேண்டாம்.”

“சர்க்கரை?”

“குடிக்கறதுக்கு இல்லம்மா.”

ஃபில்டருக்குள் நுழைகிற குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, அதில் டீயை ஊற்றினார்.

“தண்ணியில இரும்பு இருந்தா மை மாதிரி கறுக்கும்.”

மூன்று பேரும் டம்ளரையே பார்த்தார்கள். கணவர்கூடப் பேப்பரை மடித்துவிட்டு வந்திருந்தார்.

டீ டீயாகவே இருந்தது.

“ஃபில்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே இரும்பைக் காணோம். போர் எங்கே இருக்கு சார்?”

“ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒண்ணுதான். மோட்டார் அவர் பக்கம், சுவிட்ச் மட்டும் ரெண்டு வீட்டுலயும் இருக்கு.”

“ஒரே தண்ணி. அங்கே துரு கொட்டுது, இங்கே துருவே இல்ல” என்று முணுமுணுத்தபடி மெக்கானிக் குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்தார். அது சுவரோடு போய், மதிலில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. அவரும் கேட்டைத் திறந்து வெளியே போய்விட்டார்.

“எங்கே தம்பி போறீங்க? செயலாளர் வர்ற நேரம்!”

செயலாளர் வந்து, மனுவை மேசைமேல் விரித்து, ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்து முடித்த பிறகுதான் மெக்கானிக் திரும்பினார்.

“செங்கடல் என்ன சொல்லுது?” என்று சிரித்தார் செயலாளர்.

“இங்கே தண்ணி நல்லா வருதான்னு கேட்டார்.”

“எங்க தண்ணியைப் பத்தி அவருக்கு என்னவாம்?” வீட்டுக்காரம்மா உதட்டைச் சுழித்தார். “நீங்க எழுதுங்க தம்பி.”

மெக்கானிக் கம்பெனித் தாளில் நிதானமாக எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“மணல் மாத்த வேண்டாம்மா. இன்னும் பத்து வருஷத்துக்கு இதுவே போதும்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘இந்த வீட்டு ஃபில்டரிலிருந்து சிவப்புத் தண்ணீர் வருவதில்லை.’ கேட்டுக்கிட்டீங்களா?”

“சபாஷ்! மேலே படிங்கக்கா.”

அவர் மேலே படிக்கவில்லை. கண் மட்டும் கடைசி வரி வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டது.

கணவர் அவர் கையிலிருந்த தாளை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படித்தார்:

“‘காரணம், குழாய் இரண்டு வீட்டுக்கும் பிரிவதற்கு முன்பே, மோட்டாரை ஒட்டி டிரைவர் தன் ஃபில்டரை வைத்திருக்கிறார். தெருவில் ஓடுவது இரண்டு வீட்டுத் துரு. அந்த அம்மா புது ஃபில்டரை எல்லோருக்கும் ஆசையாகக் காட்டிக்கொண்டிருந்தார், அதனால் அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று டிரைவர் கேட்டுக்கொண்டார். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.’”