படகுக்காரனின் அத்தியாயம்

லவ்டேயின் கட்டிலருகே இருந்த புத்தகத்தைக் காணோம்.

மேசைமேல் தண்ணீர் இருந்தது. ஜேகோ கொண்டுவந்த குங்குமப்பூ பன் கடிபடாமல் இருந்தது. புத்தகம் மட்டும் இல்லை. லவ்டே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாதிரியார் ஹாஸ்கிங் வந்துட்டுப் போனாரு," என்றாள் நர்ஸ் வெனா. "போறப்ப கையிலே தடியா ஏதோ இருந்துச்சு."

லவ்டேயின் தங்கை டாம்சினுக்குச் சுர்ரென்று ஏறியது.

மந்திரம் கற்கும் பிள்ளைகளைப் பற்றிய அந்தக் கதைப் புத்தகங்கள் பாதிரியாருக்கு ஆகாது. ஊருக்கே தெரியும். 'வீட்டுக்குள் விடாதீர்கள்' என்று சர்ச் பத்திரிகையில் எழுதினவர்.

நிலாவையும் மரத்தையும் கும்பிடுகிற லவ்டே கூட்டத்துக்கோ அந்தப் புத்தகங்கள்தான் உயிர். புதுப் பாகம் வருகிற நாளில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, கடை வாசலில் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்பார்கள்.

"மந்திரமெல்லாம் தப்புத் தப்பா எழுதியிருக்கு. ஆனா சூனியக்காரியை எரிக்காத கதை நமக்குன்னு இப்பத்தான் ஒண்ணு வந்திருக்கு," என்பாள் லவ்டே.

கடைசிப் பாகம் வந்தபோது அவளுக்குக் கண் போய்விட்டது. இனி வைத்தியம் இல்லை என்று சொல்லி, கடலோர ஆஸ்பத்திரியில் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள்.

"கதை முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிடக் கூடாது." அவள் கேட்டது அவ்வளவுதான். டாம்சினும் அவள் புருஷன் ஜேகோவும் முறை வைத்துப் படித்துக் காட்டினார்கள்.

படகுக்காரன் வருகிற இடத்தில்தான் சிக்கல். பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்துப் போகும் கிழட்டுப் படகுக்காரன். லவ்டேக்கு முதல் பாகத்திலிருந்தே அவன்மேல் கொள்ளைப் பிரியம். இந்தப் பாகத்தில் செத்துப்போகிறான்.

சாகக் கிடக்கிறவளுக்கு அதை எப்படிப் படிப்பது? டாம்சின் அந்த அத்தியாயத்தின் தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டினாள். "படகு கரை சேர்ந்தது," என்று சொந்தமாக ஒரு வரி சொன்னாள். அதற்கப்புறம் வந்த பக்கங்களில், "படகுக்காரன் ஓரமா நின்னு சிரிச்சான்," என்று ஜேகோ அங்கங்கே சேர்த்துக்கொண்டான்.

அப்படிக் காப்பாற்றிக் கொண்டுவந்த கதையைத்தான் பாதிரியார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"எரிச்சிருப்பான் கிழவன்," என்றான் ஜேகோ. "அவங்களுக்குப் பழக்கம்தானே."

"வாயை மூடு. அக்கா முழிச்சுக்கப்போறா."

"நாளைக்கும் வருவான்ல? பிடிச்சுக் கேக்கறேன், பாரு."

மறுநாள் காலை இருவரும் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார்கள். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பாதிரியாரின் கனத்த குரல்.

"...'அழாதீங்க பிள்ளைகளா. எனக்கு இந்தத் தண்ணி பழகின தண்ணிதான்,' என்று துடுப்பைக் கீழே வைத்தான்..."

"பிரசங்கம் பண்ணாதீங்க பாதிரியாரே," என்றது லவ்டேயின் குரல். "அவன் படகோட்டி. மெதுவாப் பேசுவான்."

"வீட்டிலே ரெண்டு தரம் படிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"அப்பவே சரியா வரலியா?"

"என் வீட்டுக்காரி நல்லாருக்குன்னா."

"பாவம், உங்க பிரசங்கத்தையே இத்தனை வருஷமாக் கேக்கறவ. இன்னொரு தரம் படிங்க."

பாதிரியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி படித்தார். இந்தத் தடவை மெதுவாக. அத்தியாயம் முடியும்வரை இருவரும் கதவருகிலேயே நின்று கேட்டார்கள்.

டாம்சினின் செருப்பு கிறீச்சிட்டது.

"உள்ளே வாங்க ரெண்டு பேரும்," என்றாள் லவ்டே. "படகுக்காரன் செத்துட்டான்."

டாம்சின் கட்டிலருகே வந்தாள்.

"உனக்கு... எப்பத் தெரியும் அக்கா?"

"ஒரு கத்தைத் தாளைச் சேர்த்துப் புரட்டினியே, அப்பவே. கண்ணுதாண்டி போச்சு, காது போகலே. டேய் ஜேகோ, அந்தப் படகுக்காரன் என்னடா அப்படி ஓரமா நின்னு நின்னு சிரிச்சான்? லூசா அவன்?"

ஜேகோ தரையைப் பார்த்தான்.

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"வருஷா வருஷம் செத்தவங்களுக்குத் தட்டு வைக்கறீங்க. நாற்காலி இழுத்துப் போட்டு, ஆப்பிள் வைக்கறீங்க. சாவுன்னா எங்களுக்குப் பயமில்லேன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. ஒரு படகுக்காரனைச் சாக விடமாட்டேங்கறீங்களே." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவன் எப்படிப் போனான்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நானும் போகணும்ல?"

டாம்சின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட கேட்டா அழுவீங்க. அதான், பொய் சொல்ல வராத ஆளா ஒருத்தரைக் கூட்டிட்டு வான்னு வெனாகிட்ட சொன்னேன். எதுக்குன்னு அவகிட்டயும் சொல்லலே. நம்ம கூட்டத்திலே யாரும் தேறலே."

பாதிரியார் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"இந்தப் புத்தகத்தைப் பத்தின என் கருத்து மாறலே. அதைச் சொல்லிடறேன்," என்றார். "எதை வாசிச்சாலும் முன்னாடியே பார்த்துட்டு வர்றது என் வழக்கம். அதான் எடுத்துட்டுப் போனேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும். இந்தாங்க. கொஞ்சம்தான் பாக்கி. நீங்களே முடிச்சு வைங்க."

டாம்சின் வாங்கிக்கொண்டாள். முதல் வரியிலேயே அழுகை வந்துவிட்டது. ஜேகோவிடம் நீட்டினாள். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாராச்சும் படிங்க," என்றாள் லவ்டே. "எனக்கு நேரமில்லே."

நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் அந்தக் கதையை அவளுக்குப் படித்து முடித்தவர், பாதிரியார் ஹாஸ்கிங்.